கையிலிருக்கும் அறிவு இயந்திரத்துக்குள் போகும் வழி

“முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் ஓய்வு பெறும்போது, அவருக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதி வாங்கிக் கணினியில் சேர்த்துவிட்டால், புதிய பொருள்களை உருவாக்குவோருக்கு அது போதாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வரைபடங்கள், அளவுகள், தோற்றுப்போன சோதனைகளின் விவரங்கள் ஆகியவற்றைத் தேடியெடுக்கும்படி சேமித்து வைப்பது எந்த நிறுவனத்துக்கும் அடிப்படை வேலைதான். ஆனால், தமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி தமக்குத் தெரியும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சொல்லக்கூடியதைவிட அதிகமாக நாம் அறிந்திருக்கிறோம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966இல் எழுதியது இதைப் பற்றித்தான். இதனை உள்ளுறை அறிவு எனலாம்.

அந்த அறிவு ஒருவர் கையிலிருந்து ஒரு பொருளுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? ஜப்பானின் மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்) நிறுவனம் 1980களில் வீட்டு ரொட்டி இயந்திரத்தை உருவாக்கிய விதத்தில் இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். மாவைப் பிசையும்போது கோதுமைப் புரதங்கள் பின்னிக்கொண்டு குளுட்டன் வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவை அந்த வலை பிடித்து வைப்பதால் ரொட்டி உப்புகிறது. பள்ளிப் பாடத்திலேயே வருகிற இந்த வேதியியல் தெரிந்திருந்தும், தொடக்க மாதிரிகளில் ரொட்டியின் மேல்தோல் கருகியது, உள்ளே மாவு வேகாமலே நின்றது. கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் காரணம் பிடிபடவில்லை. பிறகு, குழுவிலிருந்த மென்பொருள் உருவாக்குநர் ஒருவர், ஒசாகாவில் ரொட்டிக்குப் பெயர்பெற்ற ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று மாவு பிசையப் பழகினார். மாவை இழுக்கும்போதே அந்தக் கலைஞர் அதை முறுக்கவும் செய்கிறார் என்பது அங்கேதான் கண்ணில் பட்டது.

இதற்கு அடுத்த கட்டம்தான் என்னை மிகவும் கவர்கிறது. கண்ட அசைவுக்கு ‘முறுக்கி இழுத்தல்’ என்று பெயரிட்டார்கள். பெயர் வந்தவுடன், அதுவரை பிசைகிறவரின் மணிக்கட்டில் மட்டும் இருந்த ஒன்றைப் பற்றி, பிசையத் தெரியாதவர்களும் பேசவும் வாதிடவும் முடிந்தது. பொறியாளர்களிடம் இருந்ததோ ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் தகடும் மட்டுமே. ஆகவே, கிண்ணத்தின் உட்சுவரில் புடைப்பான வரம்புகளை அமைத்தார்கள். மாவின் ஒரு பகுதி அவற்றில் தடைபட்டு நிற்க, சுழலும் தகடு மற்றொரு பகுதியை இழுக்க, மாவு முறுக்கிக்கொண்டே நீண்டது. ஒரு கையின் பழக்கம் முதலில் சொல்லாகி, பின் சுவரில் ஒரு வடிவமாகி, 1987இல் விற்பனைக்கு வந்தது. அறிவு நிறுவனத்துக்குள் இப்படி உருமாறுவதை ஜப்பானிய மேலாண்மை அறிஞர் இக்குஜிரோ நோனாகா பின்னாளில் இதே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்கினார்.

வெளியிலிருந்து வரும் அறிவுக்கும் இது பொருந்தும். ஆராய்ச்சிக்குச் செலவிடும் நிறுவனம் புதியவற்றைக் கண்டுபிடிப்பதோடு, பிறர் கண்டுபிடித்தவற்றின் மதிப்பை உணர்ந்து பயன்படுத்தும் திறனையும் பெறுகிறது என்று ஆய்வாளர்கள் கோஹனும் லெவின்தாலும் 1990இல் வாதிட்டார்கள். அதற்கு ‘உள்வாங்கும் திறன்’ என்று பெயர். வருமானம் குறையும் ஆண்டுகளில் ஆராய்ச்சிப் பிரிவின்மேல் முதலில் கைவைப்பது பெருந்தவறு என்று நான் கருதுவது இதனால்தான். குழு கலைந்த பின் அறிக்கைகள் அலமாரியில் அப்படியே இருக்கும். அவற்றில் எந்த வரி முக்கியமானது என்று அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

ஆகவே, வாசகரின் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஓய்வு பெறப்போகிறவரிடம் கடைசி மாதத்தில் நூறு பக்கம் எழுதி வாங்குவதைவிட, ஓரிரு ஆண்டுகளுக்கு முன்பே இளையவர் ஒருவரை அவரோடு அதே வேலையில் இணைத்துவிடலாம். குறிப்பெழுதும் பொறுப்பையும் அந்த இளையவரிடமே கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் கை தடுமாறியது என்பது புதிதாகக் கற்றவருக்குத்தான் நினைவிருக்கும்.