பழுதான பூல் கோல் எப்படிச் செப்பமாகிறது

பில்லியர்ட்ஸ் வகை ஆட்டமான பூலில், மேசைமேல் வெள்ளைப் பந்தைத் தட்டும் கோலை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு, அது நன்றாகக் கடைந்து மெருகேற்றிய ஒரு தடியாகவே தோன்றும். கியூ எனப்படும் அந்தக் கோல் பெரும்பாலும் 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை எடையும் கொண்டது. நடுவில் திருகிக் கழற்றக்கூடிய இரண்டு பாகங்களாகச் செய்யப்படுவது. முன்பாகமான ஷாஃப்ட், பொதுவாக வட அமெரிக்கக் காடுகளில் வளரும் கடின மேப்பிள் மரத்தில் கடையப்படுகிறது. கைப்பிடிக்குரிய பின்பாகத்தில் கருங்காலி, ஈட்டி போன்ற கனமான மரங்களும் சேரும். ஷாஃப்ட்டின் நுனியில் ஃபெரூல் என்ற வெண்ணிற உறையும், அதன்மேல் டிப் என்ற தோல் வில்லையும் ஒட்டப்பட்டிருக்கும். இவற்றில் எது பழுதுபட்டாலும் அதைச் சரிசெய்ய முடியுமா, செய்தால் கோலின் பழைய குணம் திரும்புமா என்பதை மரத்தின் உள்ளமைப்பே முடிவுசெய்கிறது.

கோல் எவ்வளவு தாங்குகிறது என்பதை ஒரு சிறு கணக்கிலிருந்து உணரலாம். பூல் பந்தின் எடை ஏறத்தாழ 170 கிராம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் முதல் அடியில் அது வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். டிப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு அளவே. இந்த எண்களை நியூட்டனின் இரண்டாம் விதியில் இட்டால், அந்தச் சிறு பொழுதில் நுனி தாங்கும் சராசரி விசை 1,360 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 140 கிலோ எடையின் அழுத்தம் என்று கிடைக்கிறது. 13 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மரத்துண்டு இதை ஆண்டுக்கணக்கில் தாங்குவது வியப்புக்குரியது.

அடியின் அதிர்வு மரத்துக்குள் இரண்டு விதமாகப் பயணிக்கிறது. நீளவாக்கில் செல்லும் அலை மேப்பிளில் வினாடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் ஓடுவதால், பந்து டிப்பை விட்டு விலகுவதற்குள் அது கோலின் கடைசிவரை போய்த் திரும்பிவிடுகிறது. கோலைப் பக்கவாட்டில் வளைக்கும் அலையோ மெதுவானது; அதே நேரத்தில் அது நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தையே எட்டுகிறது. செப்பனிடுபவர் மறக்கக் கூடாத வேறுபாடு இது. நடு இணைப்பில் தளர்ச்சி இருந்தால் அது கைக்கு ஓர் இரைச்சலாகவோ மந்தமான உணர்வாகவோ உடனே தெரிந்துவிடும். நுனியை ஒட்டிய ஒரு சாணில் எடை கூடினாலோ குறைந்தாலோ, பந்தின் மையத்தை விட்டு ஓரத்தில் தட்டும்போது அது குறிபார்த்த கோட்டிலிருந்து விலகிப் புறப்படும் அளவு மாறிவிடும். உடைந்த ஃபெரூலுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த கனமான ஒன்றைப் பொருத்தினால், கோல் பார்வைக்குப் புதிதாகவும் ஆட்டத்தில் அந்நியமாகவும் ஆகிவிடுவது இதனால்தான்.

கோல்களுக்கு நேரும் கேடுகளில் மிகப் பெரியது, நல்லெண்ணத்தோடு தேய்க்கப்படும் உப்புத்தாள் என்பது என் கருத்து. ஷாஃப்ட்டில் அழுக்கு படிந்தாலோ சிறு பள்ளம் விழுந்தாலோ, அதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்யவே பலருக்கும் கை போகிறது. உருளையான ஒரு கம்பின் விறைப்பு, அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 13 மில்லிமீட்டர் ஷாஃப்ட் தேய்ந்து 12.5 மில்லிமீட்டர் ஆகும்போது, அந்த அரை மில்லிமீட்டரோடு அவ்விடத்து விறைப்பில் 14 விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது. போன மரத்தை எந்தக் கைவினைஞராலும் திரும்ப வைக்க முடியாது. அதனால் நல்ல கைவினைஞர், எதையும் சுரண்டாமல் இந்தப் பழுதைத் தீர்க்க வழியுண்டா என்றே முதலில் பார்க்கிறார்.

ஒடுக்கு விழுந்த ஷாஃப்ட்டுக்கு அப்படியொரு வழி உண்டு. மேசை விளிம்பில் மோதியோ கதவிடுக்கில் சிக்கியோ மேப்பிள் அமுங்கும்போது, அங்கே மரம் இழக்கப்படுவதில்லை. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கப்பட்ட நுண்குழாய்களின் தொகுப்பு. அடிபட்ட இடத்தில் அக்குழாய்களின் சுவர்கள் உள்வாங்கி மடிந்திருக்கும், பெரும்பாலானவை அறுந்திருக்காது. சுவருக்கு வலிமை தரும் செல்லுலோஸ் இழைகள் தம் பழைய நிலைக்குத் திரும்பவே முயல்கின்றன. அவற்றைச் சுற்றிப் பிணைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற பொருள்கள் உலர்ந்து இறுகியிருப்பதால், மடிந்த நிலை அப்படியே பூட்டப்பட்டுவிடுகிறது. நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து ஹெமிசெல்லுலோஸை இளக்க, ஈரமான லிக்னினை வெப்பம் இளக்க, பூட்டு அவிழ்ந்து சுவர் தானாக நிமிர்கிறது. வேட்டியில் விழுந்த மடிப்பு, நீர் தெளித்து இஸ்திரி போட்டால் எடுபடுவதும் ஏறத்தாழ இதே வேதியியல்தான்.

செய்முறை எளியது, ஆனால் பொறுமை கேட்பது. ஒடுக்கு விழுந்த இடத்தில் படிந்திருக்கும் மெழுகையும் மெருகையும் முதலில் துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே இறங்காது. பிறகு நகக்கண் அளவுக்குக் கிழித்த மெல்லிய தாளை நனைத்துப் பள்ளத்தின்மேல் ஒட்டவைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையையோ சூடேற்றிய கரண்டியின் அடிப்பக்கத்தையோ சில நொடிகள் மட்டும் அதன்மேல் தொட வேண்டும். சீறலோடு ஆவி கிளம்பும். தாள் உலர்வதற்குள் கையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மரம் கருகும். விரல் நுனியால் தடவிப் பார்த்தால் பள்ளத்தின் ஆழம் குறைந்திருப்பது தெரியும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் அந்த இடம் சுற்றுப்பரப்பைவிட இம்மியளவு புடைத்துக்கூட நிற்கும். அதை உடனே தேய்க்கக் கூடாது. ஒரு நாள் ஆறவிட்டால் ஏறிய ஈரம் வெளியேறி, புடைப்பு தானே தணிந்துவிடும். கடைசியாக ஒரு துண்டுத் தோலால் வேகமாக உரசினால் எழும்பிய இழைகள் படிந்து பரப்பு வழுவழுப்பாகும். இழைகள் அறுபட்ட வெட்டுக்காயத்துக்கு இம்முறை உதவாது. அதை மெல்லிய பசையால் நிரப்பிச் சமன்செய்வது ஒன்றே வழி.

இந்த வேலையைச் செய்து கூலி வாங்கக்கூடியவர்களே அதை வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுத்து, 'வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்' என்று அனுப்பிவைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். அந்தத் தாராளத்துக்குத் தொழில்சார்ந்த காரணமும் இருக்கிறது. ஒடுக்கை ஆவியில் எடுக்கத் தெரியாதவர் உப்புத்தாளை எடுப்பார். சில ஆண்டுகளில் ஷாஃப்ட் மெலிந்து யாராலும் மீட்க முடியாததாக அந்தக் கைவினைஞரிடமே வந்து சேரும். ஒரு சிறு கூலியை விட்டுக்கொடுப்பதால் ஒரு நல்ல மரம் பிழைக்கிறது என்பது மரத்தோடு பழகியவருக்கு இழப்பாகத் தெரிவதில்லை.

நடு இணைப்பில் விழும் விரிசல் இன்னும் கடினமானது. ஷாஃப்ட்டையும் பின்பாகத்தையும் சேர்க்கும் திருகாணி மரத்துக்குள் பதிந்திருக்கும் இடத்தில், மரத்தின் சுவர் மெல்லியதாக இருக்கும். அங்கே விசையோடு இயற்கையும் சேர்ந்துகொள்கிறது. மரம் காற்றின் ஈரத்தை ஏற்றும் இழந்தும் விரிந்து சுருங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. பச்சை மேப்பிள் முழுவதும் உலரும்போது வளையங்களின் போக்கில் 9.9 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் 4.8 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருங்குவது மிகமிகக் குறைவு. பதப்படுத்திய மரத்தில் இந்த அசைவுகள் சிறியவைதான். இருந்தாலும் நடுவே சுருங்காத உலோகத் திருகாணி ஒன்று இருக்கும்போது, வறண்ட பருவத்தில் மரம் அதை இறுக்கிப் பிடித்து, கடைசியில் இழையோட்டத்தின் வழியே பிளந்துகொடுக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கோலை விட்டுச்செல்லாதீர்கள் என்று செய்பவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

விரிசல் மயிரிழை அளவில் இருக்கும்போதே கவனித்தால் மீட்பு எளிது. நீரைப்போல் ஓடும் சயனோஅக்ரிலேட் பசையை விரிசலின் வாயில் ஒரு துளி விட்டால், நுண்புழை ஈர்ப்பால் அது விரிசலின் அடிவரை தானே ஓடிவிடும். மரத்திலுள்ள ஈரத்தின் சுவடே அந்தப் பசையைச் சில நொடிகளில் கெட்டிப்படுத்தப் போதுமானது. அகன்ற பிளவுக்கு அது ஏற்றதன்று. கெட்டியானபின் நொறுங்கும் தன்மையுடையது. அங்கே எபாக்சி வேண்டும். பிளவைச் சற்றே விரித்துப் பசையை உள்ளே செலுத்தி, வெளியிலிருந்து நூலை நெருக்கமாகச் சுற்றி இறுக்கி இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். திருகாணியின் பிடியே போய்விட்டால், பழைய துளையைக் கடைசல் இயந்திரத்தில் வைத்து அகலமாகத் துளைத்து, புதிய மரமுளையை ஒட்டி அடைத்து, அது இறுகிய பின் மீண்டும் நடுமையத்தில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். துளையின் அச்சு மிகச் சிறிதளவு சாய்ந்தாலும் அந்தச் சாய்வு கோலின் நீளத்தில் பன்மடங்காகப் பெருகிவிடும். இதைக் கையால் செய்ய முயல வேண்டாம். கடைசல் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

ஷாஃப்ட் இரண்டாக முறிந்துவிட்டால் நல்ல கைவினைஞர் பெரும்பாலும் ஒட்டித் தரமாட்டார். மரத்தின் பக்கவாட்டு இழைகளைச் சேர்த்து ஒட்டும்போது பசையின் பிடிப்பு மரத்துக்கே இணையாக இருக்கும். வெட்டுமுனையோடு வெட்டுமுனையைச் சேர்த்தால், திறந்த குழாய்வாய்கள் பசையை உறிஞ்சிவிடுவதாலும் இழைகள் ஒன்றையொன்று தழுவ இடமில்லாததாலும் பிடிப்பு மிகவும் குறைந்துவிடும். முறிந்த இடத்தை நீண்ட சாய்வாகச் சீவினால் இழைகளைப் பக்கவாட்டில் சேர்க்கலாம், ஆனால் அதற்குப் பல அங்குல மரத்தை இழக்க நேரும். அடியின் அலையும் பழையபடி ஓடாது. பழைய பின்பாகத்தின் மரைக்கும் முகத்துக்கும் பொருந்தப் புதிய ஷாஃப்ட் ஒன்றைக் கடைவதே நேர்மையான தீர்வு. அதற்கும் நாள் பிடிக்கும். மேப்பிளை ஒரே மூச்சில் கடைந்தால் உள்ளே அடங்கியிருந்த இழுவிசைகள் விடுபட்டு அது கோணிக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கடைந்து வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்தே முடிப்பார்கள்.

பின்பாகத்தில் வெவ்வேறு மரங்கள் கூர்முனைகளாகக் கோத்திருப்பதும் இந்த ஒட்டுவிதியிலிருந்து பிறந்ததே. கனமான மரத்தையும் இலகுவான மரத்தையும் வி வடிவ நாக்குகளாக அறுத்து ஒன்றுக்குள் ஒன்று செலுத்தினால், பக்கவாட்டு இழைகள் தழுவும் பரப்பு பலமடங்காகிறது. இன்று அழகுக்காகப் போற்றப்படும் அந்த முனைகள் முதலில் வலிமைக்காக வந்தவை.

அந்தக் கோப்புவேலையின் வரலாற்றிலும் கைவினைஞர்களின் பெருந்தன்மை தென்படுகிறது. ரஷ்யாவில் பிறந்து நியூயார்க்கில் தச்சுவேலை செய்த ஜார்ஜ் பாலபுஷ்கா (1912–1975), 1959-இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு பூல் அரங்கை வாங்கியபின், பொழுதுபோக்காகக் கோல்களைப் பழுதுபார்க்கத் தொடங்கினார். அவர் செய்த முதல் கோல்கள் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசுகளாகச் சென்றன. பிரன்ஸ்விக் நிறுவனம் அரங்குகளுக்காகத் தயாரித்த டைட்டிலிஸ்ட் என்ற ஒரே துண்டுக் கோல்களை அறுத்து இரண்டு பாகக் கோல்களாக மாற்றியே அவர் தொடக்ககாலக் கோல்களைச் செய்தார். பின்னாளில் சிகாகோவைச் சேர்ந்த பர்ட்டன் ஸ்பெயின் என்ற கைவினைஞரும், பிறகு கஸ் ஸாம்போட்டியும் கோத்துத் தந்த கட்டைகள் அவருடைய கோல்களுக்கு உடலாயின. விலைக்கு விற்றதுதான் என்றாலும், வேறொருவர் பெயரில் புகழ்பெறப்போகும் கோலுக்குத் தம் முழுத்திறமையையும் செலுத்தி ஒரு முனையைப் பிசிறின்றிக் கோத்துக் கொடுப்பதற்குப் பெரிய மனம் வேண்டும். ஸாம்போட்டி தாமே தலைசிறந்த கோல் கைவினைஞராக அறியப்பட்டவர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டிப் மாற்றுவது இவற்றோடு ஒப்பிட்டால் சிறு வேலை. பழைய தோலைச் சீவி எடுத்து, ஃபெரூலின் முகத்தைச் சமன்செய்து, புதியதை ஒட்டி, ஓரத்தைக் கூரிய கத்தியால் ஃபெரூலோடு சமமாக்கி, மேற்பரப்பை ஒரு நாணயத்தின் வளைவுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. ஓரத்தைச் சீவும்போது கத்தி ஃபெரூலைத் தொடாதபடி பார்த்துக்கொள்வதே இதிலுள்ள திறமை.

கோணல் விழுந்த கோலோடு வருபவரிடம் கைவினைஞர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவியில் காட்டி எதிர்ப்பக்கம் வளைத்தால் ஷாஃப்ட் சில நாட்களுக்கு நேராக நிற்கும். மரத்துக்குள் இருக்கும் சமனற்ற இழுவிசை மாறவில்லையாதலால், பருவம் மாறும்போது பழைய வளைவு திரும்பிவிடும். அதற்குக் கூலி வாங்க மறுப்பவரே நம்பத்தக்கவர். ஆனால் கோணலாகத் தோன்றும் எல்லாக் கோலும் கோணல் விழுந்ததன்று. இரண்டு பாகங்களையும் கழற்றி, தட்டையான மேசைமேல் தனித்தனியே உருட்டிப் பார்க்க வேண்டும். தனியாக உருளும்போது இரண்டும் நேராக இருந்து, சேர்த்து உருட்டும்போது மட்டும் நுனி துள்ளினால், குற்றம் மரத்தில் இல்லை; இணைப்பு முகங்கள் ஒன்றோடொன்று முழுதாகப் பதியவில்லை. பழைய மெழுகோ பசைத்துளியோ அங்கே காய்ந்து ஒட்டியிருக்கலாம். முகங்களை ஈரமில்லாத துணியால் துடைத்து, ஒட்டியிருப்பதை நகத்தால் நீக்கி, மீண்டும் திருகி உருட்டிப் பாருங்கள். அதன் பிறகும் துள்ளினால் மட்டுமே கடைசல் இயந்திரத்தில் முகத்தைச் சீர்செய்ய வேண்டும்.