எவ்வளவு பெய்தால் மழை?

அமெரிக்காவின் டூசான் நகரைச் சூழ்ந்த சொனோரன் பாலைவனத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிடும். ஆனால் மண் நனைந்தது என்பதற்கு ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு கணக்கு.

சகுவாரோ கள்ளிக்குச் சின்ன மழையே போதும். அதன் வேர்களில் பெரும்பகுதி 10 செ.மீ. ஆழத்துக்குள்தான், ஆனால் வெகுதூரம் பரவியிருக்கும். மண் நனைந்ததும் மெல்லிய புதுவேர்கள் முளைத்து நீரை உறிஞ்சும், காய்ந்ததும் உதிரும். தண்டின் மடிப்புகள் விரிந்து நீருக்கு இடம் தரும். ஆபத்தும் இதில்தான்: நீர் நிரம்பிக் கனத்த கள்ளியை, மண் இளகியிருக்கும் நேரத்தில் அடிக்கும் புயற்காற்று வேரோடு சாய்த்துவிடும்.

அதன் பழம் மழைக்குச் சற்று முன்பே பழுக்கிறது. விதைக்கு ஆயுள் குறைவு. அந்தக் கோடையிலேயே முளைத்தாக வேண்டும். வெள்ளைச் சிறகுப் புறா பழத்தைத் தின்பதால் விதையைப் பரப்புகிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதன் இரைப்பை விதைகளை அரைத்துவிடுகிறது. பூவில் தேன் குடிக்கும்போது மகரந்தம் கடத்துவதே அது செய்யும் உதவி.

ஒக்கோட்டியோ செடி வெறும் முட்குச்சிக் கட்டாக நிற்கும். நல்ல மழை பெய்த சில நாள்களில் முள்ளின் கக்கத்தில் கொத்துக் கொத்தாக இலை விடும். மண் உலர்ந்தால் உதிர்த்துவிட்டு அடுத்த மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

கோடையில் முளைக்கும் ஓராண்டுச் செடிகளின் விதைகள் இன்னும் கண்டிப்பானவை. ஏறத்தாழ 25 மி.மீ. ஒரே மூச்சில் பெய்யவேண்டும், மண்ணும் சூடாக இருக்கவேண்டும். தூறலுக்கு முளைத்தால் இரண்டே நாளில் கருகிவிடுமே! நல்ல மழைக்கும் எல்லா விதையும் எழுவதில்லை; ஒரு பங்கு அடுத்த ஆண்டுகளுக்கென மண்ணில் உறங்கும்.

மிக அழகான ஏற்பாடு ரூஃபஸ்-விங்ட் ஸ்பேரோ என்னும் சிறு குருவியுடையது. இனப்பெருக்க உறுப்புகள் வளரப் பல வாரம் பிடிக்கும். மழை வந்தபின் தொடங்கினால் புழுக்காலம் தவறிவிடும். எனவே வசந்தத்தில் பகல் நீளும்போதே உடல் தயாராகிவிடுகிறது. கூடு கட்டுவதை மட்டும் மழைக்காக நிறுத்திவைக்கிறது. மழை விழுந்ததும் ஆண்குருவியின் பாட்டு மும்முரமாகும். சில நாள்களிலேயே கூட்டுவேலை தொடங்கிவிடும். குஞ்சுகள் வாய் திறக்கும்போது புல் தழைத்து, வெட்டுக்கிளியும் கம்பளிப்புழுவும் பெருகியிருக்கும். மழை தள்ளிப்போனால் கூடும் தள்ளிப்போகும்.