சஸ்பென்ஷன் பில்லில் மொத்தத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள்

பில்லைப் போனில் படம் எடுத்து அனுப்பி, "அண்ணா, இது நியாயமான தொகைதானா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கீழே இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை. வண்டியை என்ன தொந்தரவுக்காக உள்ளே விட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். "முன்பக்கம் ஏதோ சத்தம்" என்பார்கள். எப்போது வரும், எந்தப் பக்கம், பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டீயரிங் திருப்பும்போதா என்று கேட்டால் பலரால் சொல்ல முடிவதில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் அவர்களிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். அநியாயமான பில் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கேட்காமல், பார்க்காமல், ஊகத்தில் பாகங்களை மாற்றிக்கொண்டே போவார்கள்.

சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைத்து மேடு பள்ளத்தின் குலுக்கலைத் தாங்கும் அமைப்பில், ஊகம் செய்வது சுலபம். சாதாரணக் காரின் முன்சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பரும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட், அதன் தலையில் ஒரு ரப்பர் மவுண்ட், ஒரு பேரிங். கீழே சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை போன்ற லோயர் ஆர்ம், அதில் பொதுவாக இரண்டு புஷ் (ரப்பர் பதித்த வளையம்), ஒரு பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு). பக்கத்தில் ஸ்டெபிலைசர் கம்பியோடு இணைக்கும் லிங்க் ராட், அதற்கு இரண்டு முனை. அப்புறம் வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் அந்த ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டு, வீல் பேரிங். இவற்றில் எது தளர்ந்தாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே "கட கட"தான். சத்தம் இரும்பு உடம்பு வழியாகப் பயணம் செய்து வேறு எங்கிருந்தோ வருவதுபோல் கேட்கும். வண்டியைத் தூக்கி, கம்பி போட்டு நெம்பி, கையால் ஆட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒருவர் தன் காருக்கு வேறோர் இடத்தில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றிவிட்டு வந்தார். மவுண்டும் புதிது, அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்திருந்தது. சின்னச் சின்னப் பள்ளத்தில் வரும் சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. லிஃப்டில் ஏற்றி, சக்கரம் இரண்டும் தொங்கும் நிலையில் லிங்க் ராடைப் பிடித்து ஆட்டினேன், கையிலேயே ஆடியது. சஸ்பென்ஷனில் மிக மலிவான பாகங்களில் அது ஒன்று, மாற்றவும் அதிக நேரம் ஆகாது. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியிருந்தால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறி லிங்க் ராடை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. முதலில் பார்த்தவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவேளை அப்படித் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஆனாலும் அந்த ஊகத்துக்குப் பணம் கொடுத்தது வண்டிக்காரர். அவர் போட்ட ஷாக் அப்சார்பர் நல்ல கம்பெனிப் பாகம், விலையும் சரிதான். அப்படி இருந்தும் அது நியாயமான பில் இல்லை என்பது என் கருத்து. கேட்ட குறைக்கும் செய்த வேலைக்கும் சம்பந்தமில்லாமல் போய்விட்டது.

அதனால் வண்டியை விடும் முன்பே உங்கள் காதையும் கையையும் கொஞ்சம் பழக்கிக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகும்போது சிறு மேடு பள்ளத்தில் தொடர்ந்து கடகடத்தால் லிங்க் ராடையோ ஸ்டெபிலைசர் புஷ்ஷையோ முதலில் சந்தேகப்படலாம். பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரே ஒரு "டொக்" கேட்டால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுவதுபோல் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். வேகம் கூடக் கூட ரீங்காரம் கூடினால் அது வீல் பேரிங்காகவோ தேய்ந்த டயராகவோ இருக்கலாம், அந்தச் சத்தம் ஷாக் அப்சார்பரிலிருந்து வருவதில்லை. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது "டிக் டிக்" என்றால் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட், அது சஸ்பென்ஷன் கணக்கிலேயே வராது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும். இவையெல்லாம் முடிவான தீர்ப்பு இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன பாகம் உங்கள் சத்தத்தோடு துளியும் ஒட்டவில்லை என்றால் "எப்படி இதுதான் என்று சொல்கிறீர்கள்?" என்று கேட்க இது போதும்.

கேட்டதோடு நிற்காமல் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். லிஃப்டில் ஏற்றிய சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் ஆட்டம் தெரியும்; இடம் வலமாக ஆட்டினால் டை ராட் பக்கத்து ஆட்டம் தெரியும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்து சொட்டும் அளவுக்கு இருந்தால் சந்தேகமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மேல் சீலை ஒட்டி லேசாக ஈரப் படலம் மட்டும், அதில் தூசி படிந்திருந்தால் அது ஒழுக்கு ஆகாது. தண்டு மேலே வரும்போது சிறிது எண்ணெயைக் கூட்டி வருவது இயல்பு. அந்தப் படலத்தைக் காட்டி மாற்றச் சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். புஷ்ஷும் அப்படித்தான். ரப்பரின் மேல்பரப்பில் மெல்லிய வெடிப்பு இருப்பது வேறு, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து கம்பியால் நெம்பினால் வாய் திறப்பது வேறு. முதலாவது கவனித்துக்கொள்ள வேண்டியது, இரண்டாவது மாற்ற வேண்டியது. பானட் ஓரத்தை அமுக்கி விட்டு வண்டி எத்தனை முறை குதிக்கிறது என்று பார்ப்பது பலருக்குத் தெரிந்த சோதனை. முழுதாகச் செத்த ஷாக் அப்சார்பரைத்தான் அது காட்டிக் கொடுக்கும், பாதி போனதை அதில் கண்டுபிடிக்க முடியாது. டயரில் திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தால் அது இன்னும் நல்ல சாட்சி.

"இத்தனை கிலோமீட்டர் ஓடிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்பதும் போதுமான காரணம் இல்லை. பெரும்பாலான கார்களின் சர்வீஸ் அட்டவணையில் சஸ்பென்ஷனைப் பரிசோதிக்கத்தான் சொல்லியிருக்கும், இன்ன கிலோமீட்டரில் மாற்று என்று இருக்காது.

சரி, பாகங்கள் உண்மையிலேயே போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். இனி பில்லில் நான் முதலில் பார்ப்பது லேபர், அதாவது கூலி, எழுதிய வரிகளை. அங்கேதான் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று முறை பணம் வாங்குவது ஒளிந்திருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி, பிரித்தால்தான் ஷாக் அப்சார்பரை மாற்ற முடியும். அப்படிப் பிரித்தபோது மவுண்ட், பேரிங், தூசி உறை, ரப்பர் தடுப்பு எல்லாம் கையோடு வெளியே வந்துவிடும். ஷாக் அப்சார்பர் மாற்ற ஒரு கூலி, மவுண்ட் மாற்ற ஒரு கூலி, ஸ்பிரிங் மாற்ற ஒரு கூலி என்று தனித்தனியாக முழுக் கூலி போட்டிருந்தால் அது தவறு. லோயர் ஆர்மை முழுதாகப் புதிதாகப் போட்டு, அதோடு ஒட்டி வந்த பால் ஜாயின்டுக்கும் புஷ்ஷுக்கும் பொருத்துகூலி எழுதியிருந்தால் அதுவும் அப்படியே. பின்பக்கத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பல கார்களில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பின்னால் தனித்தனியாக இருக்கும். அங்கே தனிக் கூலி நியாயமாக இருக்கலாம். "எத்தனை மணி நேர வேலை, ஒரு மணிக்கு என்ன கணக்கு?" என்று கேளுங்கள். நேரமாகச் சொல்ல முடியாத கூலியை ஒப்பிட வழியே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நேர்மையான மெக்கானிக்குகள் இதில்தான் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். "பாகத்தின் விலையைவிடக் கூலி பல மடங்கு" என்று பில்லைக் காட்டி வருத்தப்படுவார்கள். பாகம் என்னவென்று பார்த்தால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் புஷ். அதை மாற்ற ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதைச் சரியான திசையில் அழுத்திப் பொருத்தி, மறுபடி மாட்ட வேண்டும். சில வண்டிகளில் ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டமான சப் ஃபிரேமையே இறக்காமல் போல்ட் வெளியே வராது. துருப்பிடித்து இறுகிய போல்டைச் சூடாக்கி, சில நேரம் அறுத்துத்தான் எடுக்க முடியும். அந்தக் கூலி நியாயமானது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கூலியோடு கூட்டிப் பார்த்தால் புஷ்ஷும் பால் ஜாயின்டும் சேர்ந்த முழு ஆர்மே மலிவாக வருமா? பல நேரம் வரும். அதேபோல் புது நட்டு, போல்டுக்குப் பில்லில் ஒரு வரி எழுதியிருந்தால் சண்டை போடாதீர்கள். சஸ்பென்ஷனில் தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகளையும் சில போல்டுகளையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

ஜோடி விஷயத்திலும் குழப்பம் உண்டு. ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தளர்ந்தது என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. முன்பக்கம் ஒன்று போனால் நான்கையும் மாற்று என்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. லோயர் ஆர்ம், லிங்க் ராட், வீல் பேரிங் இவற்றில் போன பக்கத்தை மட்டும் மாற்றினாலே போதும். மறுபக்கமும் ஆட்டம் காட்டினால் அதையும் செய்யலாம், காட்டச் சொல்லிவிட்டு.

"சஸ்பென்ஷன் கிட் – 1 செட்" என்று ஒரே வரியில் முடியும் பில்லை ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர், கம்பெனி, பார்ட் நம்பர், எண்ணிக்கை இருக்க வேண்டும். கார் கம்பெனிப் பெட்டியில் வந்ததா, வேறு தயாரிப்பா, எண்ணெய் மாற்றிப் புதுப்பித்த பழைய ஷாக் அப்சார்பரா என்பது தெரியாமல் விலை கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்றிய பாகங்களை எடுத்து வைக்கும்படி வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். முடிந்தபின் கேட்டால் அவை குப்பையில் போயிருக்கும்.

பில்லில் அலைன்மென்ட் என்று எழுதிய வரியைப் பலர் தேவையில்லாததாக நினைக்கிறார்கள். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராட் எண்டு இவற்றில் எதையாவது மாற்றினால் அது தேவை. லிங்க் ராடோ ஸ்டெபிலைசர் புஷ்ஷோ மட்டும் மாற்றினால் தேவையில்லை. செய்தார்கள் என்றால் முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்ட்ரட் வகைக் கார்கள் பலவற்றில் முன்பக்கம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும்தான் நேரடியாகச் சரிசெய்ய முடியும். கேம்பருக்கு (முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) தனியாகப் பணம் வாங்கியிருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கலாம். தனி போல்ட் போட்டிருந்தால் அதைக் காட்டுவார்கள்.

பில்லில் எங்குமே எழுதப்படாத ஒரு வேலை இருக்கிறது, எனக்கு அது முக்கியம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். பிறகு ஓடும் ஒவ்வொரு மீட்டரும் அதைக் கிழிக்கும். வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, இறுக்கத்தை அளந்து கொடுக்கும் டார்க் ரெஞ்சில் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். போட்டு சில மாதத்தில் புஷ் போய்விட்டது, பாகம் மட்டம் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளிலும் இதுபோல் ஒன்று உண்டு. காற்றுப் பை கசிந்தால் அதில் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கடைசியில் எரிந்துவிடும். கசிவைப் பார்க்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிய பில் மறுபடியும் வரும்.

பணம் இப்போது இல்லை, எதைத் தள்ளிப்போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மறைக்காமல் சொல்வேன். லிங்க் ராட் சத்தத்தோடு கொஞ்ச நாள் ஓட்டலாம். பால் ஜாயின்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அது கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. ஸ்பிரிங்கின் ஒரு முனை உடைந்திருந்தாலும் அப்படியே, அந்த முனை டயரைக் கிழிக்கலாம். இவற்றை உடனே மாற்றச் சொன்னவர் உங்களை அவசரப்படுத்தவில்லை.

வேறோர் இடத்தில் விலை கேட்பதானால் "முன் சஸ்பென்ஷனுக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். அதே பாகம், அதே கம்பெனி, அலைன்மென்ட் சேர்த்து என்று சொல்லிக் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, சத்தம் வந்த அதே ரோட்டில், அதே வேகத்தில் ஒரு சுற்று போங்கள். சத்தம் போகவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். பில்லின் ஓரத்தில் தேதியும் கிலோமீட்டரும் எழுதி அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.