மேசையைப் படிக்கும் மவுஸ்

நகரிக்குப் பக்கத்தில் ஏகாம்பரகுப்பத்திலிருந்து ஒரு வாசகி குரல்பதிவு அனுப்பியிருந்தார். விசைத்தறிக் கூடம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். "அண்ணா, ஒயர் இல்லாத மவுஸ் இது ரெண்டாவது. இதுலயும் அம்புக்குறி நின்னுடுது, அப்புறம் எங்கயோ தாவுது. மணிக்கட்டு வேற வலிக்குது. நல்ல மவுஸா ஒண்ணு சொல்லுங்க."

மேசை எப்படிப்பட்டது என்று கேட்டேன். கண்ணாடி போட்ட மேசை. அடியில் வியாபாரிகளுக்குக் காட்டுகிற சாம்பிள் துணிகள். மூன்றாவது மவுஸ் வாங்காதீர்கள் என்று உடனே பதில் போட்டேன்.

பழைய மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும். அது உருள, சக்கரங்கள் சுற்றி எண்ணும். இப்போது அந்த இடத்தில் இருப்பது கேமரா. சாதாரண வகை ஒன்றில் படம் 18-க்கு 18, ஆக மொத்தம் 324 புள்ளிகள்தான். அது பார்க்கும் பரப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சதுரம். ஆனால் நொடிக்கு 1,500 படம் எடுக்கிறது.

ஒரு மில்லிமீட்டரில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். திருத்தணி தாண்டி ரயிலில் போகிறவர்கள் நகரி மலையின் மூக்குப் பாறையைப் பார்த்திருப்பார்கள். உச்சி வெயிலில் மலை வெறும் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போதோ ஒவ்வொரு பிளவும் மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். மவுஸின் விளக்கும் நேராக அடிப்பதில்லை, மேசையை உரசினாற்போல் சாய்ந்து விழுகிறது. நாம் வழவழப்பு என்று நினைக்கும் காகிதத்தில் நார்கள் மேடாகின்றன. இடுக்குகள் இருண்ட பள்ளத்தாக்குகள் ஆகின்றன. கேமரா படம் பிடிப்பது அந்த நிழல்களைத்தான்.

அடுத்த படம் வந்ததும் முந்தைய படத்தின் மேல் அதை வைத்து, ஒரு புள்ளி வலப்பக்கம், ஒரு புள்ளி இடப்பக்கம், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்தி, நிழலோடு நிழல் எங்கே நன்றாகச் சேர்கிறது என்று உள்ளிருக்கும் சில்லு (சிப்) தேடுகிறது. கட்டம் போட்ட துணியில் பாக்கெட் வைக்கிற தையல்காரர், கட்டத்தோடு கட்டம் சேரும்வரை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாரே, அதே வேலை. எவ்வளவு நகர்த்தினால் சேர்ந்ததோ, அவ்வளவு தூரம் கை நகர்ந்திருக்கிறது. இது நொடிக்கு 1,500 தடவை நடக்கிறது!

வாசகியின் கண்ணாடிக்கு வருவோம். துடைத்த கண்ணாடியில் நிழல் விழ மேடுபள்ளம் இல்லை. அடியில் துணி இருக்கிறதே என்றால், லென்ஸ் குவிவது மவுஸின் அடிப்பாகம் தொடும் பரப்பில். கண்ணாடியின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றாலே துணி மங்கிப்போகும். பளபளப்பாக மெருகேற்றிய கருங்கல் மேசையிலும் இதே தொல்லை வரலாம்.

கண்ணாடியை எடுத்துவிட்டுத் துணி மேலேயே ஓட்டலாமா? அங்குலத்துக்கு 60 பாவு நூல் என்றால் நூலுக்கு நூல் இடைவெளி சுமார் 0.42 மில்லிமீட்டர். கையை நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் இழுத்தால் இரண்டு படங்களுக்கு நடுவே மவுஸ் 0.2 மில்லிமீட்டர் போய்விடும், கிட்டத்தட்ட அரை இடைவெளி. எல்லா நூலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், முன்னால் போனதா பின்னால் வந்ததா என்று சில்லுக்குத் தெரியாது. நல்லவேளையாக நிஜ நூலில் முறுக்கும் பிசிறும் இடத்துக்கு இடம் மாறும். அந்த ஒழுங்கின்மைதான் மவுஸைக் காப்பாற்றுகிறது.

தறிக்கூடத்தில் இன்னொன்றும் உண்டு: பஞ்சுத்தூசி. லென்ஸ் குழியில் ஒரு இழை சிக்கிக்கொண்டால் எல்லாப் படத்திலும் அது அசையாமல் கிடக்கும். மேசை நகர்கிறது, இழை நகரவில்லை, எதை நம்புவது? அம்புக்குறி நடுங்கும். மவுஸை நிறுத்திவிட்டு, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் குழியை மெல்லத் துடைத்தால் போதும்.

ஒளியால் இயங்கும் மவுஸ் 1980-களின் தொடக்கத்திலேயே வந்தது. ஆனால் புள்ளியோ கட்டமோ அச்சிட்ட தனி அட்டை மேல்தான் ஓடியது. எந்த மேசையிலும் ஓடும் வகை கடைக்கு வந்தது 1999-இல். நடுவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள். மூன்றே ஆண்டில் பலன் எங்கே என்று கணக்குக் கேட்கும் நிதிமுறையில் இப்படி ஒன்று பிறக்காது. உள்நாட்டு உற்பத்தியில் 0.7 சதவீதத்தைக்கூட ஆராய்ச்சிக்குச் செலவிடாத நம் நாட்டில் இதை உரக்கவே சொல்ல வேண்டும்.

மேசை சரியாக இருந்தும் அம்புக்குறி தடுமாறினால் ரேடியோ அலையைச் சந்தேகப்படலாம். கணினியில் சொருகும் குட்டி ரிசீவரோடு மவுஸ் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பல வைஃபைகளும் புளூடூத்தும் அங்கேதான். யு.எஸ்.பி. 3 சொருகியில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கசியும். ரிசீவரை மறுபக்கச் சொருகிக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சிறு நீட்டிப்பு ஒயரில் மவுஸ் அருகே கொண்டுவாருங்கள். பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். ஒருமுறை அழுத்தினால் இரண்டாகப் பதிவானால், பெரும்பாலும் பொத்தானின் சுவிட்ச் தேய்ந்திருக்கும்.

இந்த அலைக்குப் பயந்து சந்தையில் 'கதிர்வீச்சுத் தடுப்பு' ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுகிறார்கள். மவுஸின் அலை சில மில்லிவாட் அளவுதான். ஸ்டிக்கர் உண்மையாகவே அலையைத் தடுத்திருந்தால் அம்புக்குறி நகர்ந்திருக்காது. பயத்தைக் காட்டி ஏழைகளிடம் காசு பறிப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

மணிக்கட்டு வலிக்கு விலை உயர்ந்த மவுஸ்தான் தீர்வு என்றில்லை. கடையில் கையில் பிடித்துப் பாருங்கள்: உள்ளங்கை அதன் முதுகில் படிய வேண்டும், விரல்கள் கிள்ளிப் பிடிக்கக் கூடாது. பயணத்துக்கான குட்டி மவுஸ் எட்டு மணி நேர வேலைக்கு ஆகாது. மவுஸ் கீபோர்டை ஒட்டி, அதே உயரத்தில், முழங்கை விலாவோடு இருக்கும்படி அமையட்டும். அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டினால் கை நகரும் தூரம் குறையும். வலி விடாமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வாசகி பழைய காலண்டர் அட்டையைப் புரட்டி, சொரசொரப்பான பின்பக்கம் மேலே வரும்படி கண்ணாடி மேல் போட்டுவிட்டார். முதல் மவுஸும் இரண்டாவதும் அதில் ஒழுங்காக ஓடுகின்றனவாம். மேசைக்கு நாற்காலி இன்னும் உயரம் குறைவாகவே இருக்கிறது, உயரமானது ஒன்று வேண்டுமென்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார்.