மக்காச்சோளம் விமானம் ஏறும் கணக்கு

மக்காச்சோளத்திலிருந்து விமான எரிபொருள் எடுக்கப் பார்க்கும் கெவோ நிறுவனம் 2011 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தையில் இறங்கியபோது ஒரு பங்கு 15 டாலர். அன்று 6,000 பங்கு வாங்கியவர் 90,000 டாலர் போட்டிருப்பார். விற்காமல் வைத்திருந்தால் இன்று அவர் கணக்கில் இருப்பது ஒரே ஒரு பங்கு. 2015-இல் 15 பங்குகளை ஒன்றாக்கினார்கள். 2017-இல் 20-ஐ ஒன்றாக்கினார்கள். 2018-இல் மறுபடியும் 20-ஐ. பெருக்கிப் பார்த்தால் 6,000. மிஞ்சிய அந்த ஒற்றைப் பங்கும் 2024-இல் பல மாதங்கள் ஒரு டாலருக்குக் கீழே கிடந்தது.

அப்படியும் சிறு முதலீட்டாளர்கள் இதை விடுவதாக இல்லை. கார் பேட்டரியில் ஓடும், விமானம் ஓடாது, ஆகவே பசுமை விமான எரிபொருளுக்குக் கிராக்கி வந்தே தீரும் என்பது ஒரு கட்சி. இது எரிபொருள் ஆலை இல்லை, பங்கு அச்சடிக்கும் ஆலை என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் விலை வரைபடத்தைப் பார்க்கும் நேரத்தில் பாதியை ஆலையின் குழாய்களுக்குள் செலவழித்தால் வாதம் வேகமாக முடியும்.

அடிப்படை வேலை பழசு. ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ. அதை அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, நொதிகளால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் போட்டு இரண்டு நாளுக்கு மேல் புளிக்க விடுகிறார்கள். கிடைப்பது ஏறக்குறைய 11 லிட்டர் எத்தனால். எடையில் சொன்னால் எட்டரைக் கிலோ. மாட்டுத் தீவனமாகப் போகும் சக்கை ஏழரை, எட்டு கிலோ. மேலே குமிழியாகப் போகும் கார்பன் டை ஆக்சைடு எட்டு கிலோ சொச்சம். மூன்றில் ஒன்று சாராயம், ஒன்று தீவனம், ஒன்று காற்று. இந்த மூன்றாவது பங்குதான் பின்னால் பணமாகப் போகிறது.

எத்தனாலை அப்படியே விமானத்தில் ஊற்ற முடியாது. அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜன் ஏற்கெனவே சேர்ந்த எரிபொருள் பாதி எரிந்த விறகு மாதிரி: எடை இருக்கும், சூடு இருக்காது. ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல்தான். விமான எரிபொருளில் 34. ஆகவே முதல் வேலை ஆக்சிஜனைக் கழற்றுவது. எத்தனால் ஆவியை 400 டிகிரி வாக்கில் சூடாக்கி அலுமினா போன்ற வினையூக்கி மணிகளுக்கு நடுவே அனுப்பினால், ஒவ்வொரு 46 கிராமிலிருந்தும் 18 கிராம் தண்ணீராகப் பிரிந்துவிடும். மிச்சம் 28 கிராம் எத்திலீன்.

எடையில் 39 சதவீதம் தண்ணீராகப் போகிறது. எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. இது அணு எடைக் கணக்கு. லிட்டரில் பார்த்தால், ஒரு சொட்டுக்கூடச் சேதாரம் இல்லாத கனவு ஆலையிலும் ஒரு லிட்டர் எரிபொருளுக்கு 1.6 லிட்டர் எத்தனால் வேண்டும். நிஜ ஆலையில் 1.7 என்று வைத்துக்கொள்வது நியாயம். ஆற்றல் பெரிதாக இழக்கப்படுவதில்லை, 1.6-ஐ 21-ஆல் பெருக்கினால் அதே 34-தான் வருகிறது. ஆனால் எத்தனாலையும் விமான எரிபொருளையும் சந்தை கேலனில்தான் (3.8 லிட்டர்) விலை பேசுகிறது. எத்தனால் கேலன் 1.80 டாலர் என்றால் 1.7 கேலனுக்கு 3.06 டாலர். ஆலையைக் கட்டிய கடன், ஹைட்ரஜன், மின்சாரம், சம்பளம் எதுவும் இன்னும் சேரவில்லை. பெட்ரோலியத்திலிருந்து வரும் விமான எரிபொருளோ 2024, 2025-இல் பெரும்பாலும் கேலன் 2 டாலருக்கும் இரண்டரைக்கும் நடுவில்தான் ஆடியது. இந்த இடைவெளியை யார் நிரப்புவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் ஒரே கேள்வி என்றுகூடச் சொல்லலாம்.

எத்திலீன் இரண்டு கார்பன் உள்ள வாயு. விமான எரிபொருளுக்கு 8 முதல் 16 கார்பன் வரை நீண்ட சங்கிலி வேண்டும். இரண்டிரண்டாகக் கோக்க வேண்டும், ஆனால் சரியான இடத்தில் நிறுத்தவும் வேண்டும். சீக்கிரம் நின்றால் கிடைப்பது நாப்தா என்ற மலிவான, லேசான எண்ணெய். அளவுக்கு மீறி நீண்டால் டீசல். கோக்கும் வினை வெப்பத்தை உமிழும். அந்தச் சூட்டை உடனுக்குடன் இறக்காவிட்டால் வினையூக்கியின் மேல் கரி படிந்து நுண்துளைகள் அடைபடும். அடைபட்ட கலனைக் கழற்றி, மெதுவாகக் காற்று விட்டுக் கரியை எரித்து மீட்பார்கள். அதற்காகவே மாற்றுக் கலன் ஒன்றைப் பக்கத்தில் வைப்பதுண்டு. முதல் கட்டத்தில் தண்ணீரும் மிச்ச எத்தனாலும் சரியாகப் பிரியாமல் வந்தாலோ, துளி கந்தகம் கூட வந்தாலோ, வினையூக்கி சோர்ந்துவிடும். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் ஓடிய வினை ஆலையில் சில வாரங்களிலேயே நின்றுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கோத்த சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கும். அவற்றை ஹைட்ரஜனால் மூடாவிட்டால் எரிபொருள் தொட்டியிலேயே பிசினாகும். கடைசியாக வடித்துப் பிரித்தால் கையில் கிடைப்பது தெளிவான, கந்தகமே இல்லாத திரவம். சர்வதேசத் தடங்களில் ஓடும் ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரி வரை உறையக்கூடாது, 38 டிகிரிக்குக் கீழே தீப்பற்றக்கூடாது. இதற்கு அதெல்லாம் சிரமமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். சாதாரண விமான எரிபொருளில் அரோமாட்டிக் என்ற வளையச் சேர்மங்கள் உண்டு. அவை நைட்ரைல் ரப்பர் வளையங்களைச் சற்றே உப்ப வைத்து, இணைப்புகளில் கசிவில்லாமல் பார்த்துக்கொள்கின்றன. எத்தனாலிலிருந்து இந்த வழியில் வரும் எரிபொருளில் அவை கிட்டத்தட்ட இல்லை. பழகிய ரப்பர் சுருங்கினால் கசியும். அடர்த்தியும் ஒரு படி குறைவு. அதனால்தான் மாற்று விமான எரிபொருளுக்கான தரவிதியான ஏஎஸ்டிஎம் டி7566, சாதாரண எரிபொருளோடு பாதிக்குப் பாதி வரைதான் கலக்க அனுமதிக்கிறது. கலந்தபின் அரோமாட்டிக் 8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. 'நூறு சதவீதப் பசுமை விமானம்' என்று தலைப்புப் பார்த்துப் பங்கு வாங்குகிறவர்கள் இந்த ரப்பர் வளையத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

கெவோ முதலில் எத்தனாலோடு தொடங்கவில்லை. அதன் பந்தயம் ஐசோபியூட்டனால் என்ற இன்னொரு வகை ஆல்கஹால் மேல். அதில் நான்கு கார்பன். தண்ணீரைக் கழற்றினால் போவது 24 சதவீத எடைதான், கோக்க வேண்டிய சங்கிலியும் பாதி ஏற்கெனவே தயார். தாளில் அருமையான யோசனை. ஆனால் எத்தனால் தொட்டி தன்னைத்தானே காத்துக்கொள்ளும்: சாராயம் 14, 15 சதவீதம் ஏறும்போது ஊடுருவிய கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். ஐசோபியூட்டனால் ஈஸ்ட்டுக்கே நஞ்சு, 2 சதவீதத்தை நெருங்கினாலே திணறும். அதனால் உருவாக உருவாக வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்தால் தொட்டி சாதுவாக இருக்கும், சாதுவான சர்க்கரைத் தொட்டி ஊரிலுள்ள கிருமிக்கெல்லாம் விருந்து. மினசோட்டா மாநிலத்தின் லுவெர்ன் ஆலையில் 2012-இல் நடந்தது இதுதான். கிருமித்தொற்றால் உற்பத்தியை நிறுத்தி, மறுபடி எத்தனாலுக்குத் திரும்பினார்கள். எரிபொருள் மோசம் என்று யாரும் சொல்லமுடியாது. 2016 ஜூனில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் அதை 20 சதவீதம் கலந்து சியாட்டிலிலிருந்து பறந்தது. பறந்ததும் லாபம் ஈட்டியதும் ஒன்றல்ல.

மற்றவர்கள் கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சோபர்டன் ஊரில், எத்தனாலிலிருந்து விமான எரிபொருள் எடுக்கும் லான்சாஜெட் ஆலைக்கு 2024 ஜனவரியில் திறப்பு விழா. அங்கே விமான எரிபொருள் தயாராகிவிட்டது என்ற அறிவிப்பு வர 2025 நவம்பர் ஆனது. நெவாடாவில் ஃபுல்கிரம் நிறுவனம் நகரக் குப்பையை வாயுவாக்கி எரிபொருள் எடுக்கப் பார்த்தது. 2022 டிசம்பரில் முதல் செயற்கைக் கச்சா எண்ணெய் வந்தது, 2024 செப்டம்பரில் திவால் மனு. வாயுவாக்கும் கலனில் சிமெண்ட் போலக் கட்டி சேர்ந்ததும், எதிர்பாராத நைட்ரிக் அமிலம் குழாய்களை அரித்ததும் செய்திகளில் வெளிவந்தன. குப்பை இன்று ஈரம், நாளை பிளாஸ்டிக். மக்காச்சோளம் அப்படி மாறாது. கெவோ ஆதரவாளர்கள் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதமான ஒரே வாதம் அதுதான்.

இனி அந்த மூன்றாவது பங்குக்கு வருவோம். ஒரு லிட்டர் எத்தனால் புளிக்கும்போது முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 21 மெகாஜூலால் வகுத்தால் ஒரு மெகாஜூலுக்கு ஏறக்குறைய 36 கிராம். பெட்ரோலிய விமான எரிபொருளின் முழு ஆயுள் கணக்கே சர்வதேச விமானத் திட்டமான கோர்சியாவில் 89 கிராம்தான். புகைபோக்கிப் புகையைப் போல இதை வடிகட்ட வேண்டியதில்லை, ஏறக்குறையத் தூய வாயு. உலர்த்தி, அழுத்தி, பூமிக்குள் இறக்கினால் போதும். இறக்காவிட்டால் நிலைமை சங்கடம். அமெரிக்க மக்காச்சோள எத்தனால் வழி எரிபொருளுக்குக் கோர்சியா தரும் பொது மதிப்பு 90.8 கிராம், அதாவது பெட்ரோலியத்தைவிட ஒரு சுற்று அதிகம். அதில் 25.1 கிராம், இங்கே சோளம் எரிபொருளுக்குப் போவதால் வேறெங்கோ புது நிலம் உழப்படுகிறது என்பதற்கான தண்டனை.

சுத்தமான எரிபொருள் தயாரிப்பவர்களுக்கு அமெரிக்கா தரும் 45-இசட் வரிச்சலுகையும் இப்படியொரு கார்பன் எண்ணை வைத்தே இயங்குகிறது. பத்து லட்சம் பிடியு (அமெரிக்க வெப்ப அலகு) வெப்பத்துக்கு 50 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது கோடு. 50-இலிருந்து உங்கள் எரிபொருளின் கார்பன் மதிப்பெண்ணைக் கழித்து, 50-ஆல் வகுத்து, உச்ச விகிதத்தால் பெருக்க வேண்டும். மதிப்பெண் 20 என்றால் ஐந்தில் மூன்று பங்கு கிடைக்கும். 2025-இல் உச்ச விகிதம் சாதாரண எரிபொருளுக்கு கேலன் 1 டாலர், விமான எரிபொருளுக்கு 1.75. அந்த ஆண்டு ஜூலையில் வந்த புதிய சட்டம் சலுகையை 2029 வரை நீட்டித்தது, நிலத் தண்டனையை 2026 முதல் கணக்கிலிருந்தே தூக்கியது. நிலம் உழப்படுவது நின்றதா என்றால் இல்லை, எண் மட்டும் இறங்கியது. கூடவே விமான எரிபொருளின் கூடுதல் விகிதத்தையும் 2025-ஓடு முடித்துவிட்டது.

இந்தக் கடைசி வரியை நிதானமாகக் கணக்குப் போடுங்கள். 1.7 கேலன் எத்தனாலை எத்தனாலாகவே விற்றால், மதிப்பெண் 20-இல், சலுகை 1.02 டாலர். அதையே ஒரு கேலன் விமான எரிபொருளாக மாற்றினால் பழைய விகிதத்தில் 1.05 டாலர் கிடைத்திருக்கும். புது விகிதத்தில் 60 சென்ட். மாற்றும் ஆலைக்குத் தேவையான கூடுதல் ஆற்றலால் மதிப்பெண் ஏறுவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். கோடிக்கணக்கில் செலவழித்து ஆலை கட்டி, சலுகையில் 40 சென்ட்டுக்கு மேல் இழக்க வேண்டும். இல்லினாய் போன்ற மாநிலங்கள் விமான நிறுவனங்களுக்குத் தரும் கேலன் 1.50 டாலர் அந்த ஓட்டையை மறைக்கலாம். ஐரோப்பாவை நம்ப முடியாது: அங்கே 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6 சதவீதம் என்று கட்டாயம் இருந்தாலும், உணவு, தீவனப் பயிரிலிருந்து வரும் எரிபொருள் அந்தக் கணக்கில் சேராது.

கெவோவின் அண்மை நகர்வுகள் இந்த வெளிச்சத்தில் புரியும். தெற்கு டகோட்டாவின் லேக் பிரஸ்டனில் ஆண்டுக்கு 6 கோடி கேலன் ஆலைக்கு, 2024 அக்டோபரில் அமெரிக்க எரிசக்தித் துறை 146 கோடி டாலர் கடனுக்கு நிபந்தனையோடு உத்தரவாதம் சொன்னது. ஆனால் அங்கிருந்து கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். குழாய்க்காக நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக்கூடாது என்று 2025 மார்ச்சில் அந்த மாநிலம் சட்டம் போட்டது. வடக்கு டகோட்டாவின் ரிச்சர்ட்டனில் குழாய்ப் பஞ்சாயத்தே இல்லை, வாயுவை இறக்கும் கிணறு ஆலையோடு சேர்ந்தே இருக்கிறது, ஆழம் ஒரு மைலுக்கு மேல். 2025 ஜனவரி கடைசியில் 21 கோடி டாலருக்கு கெவோ அந்த எத்தனால் ஆலையை வாங்கியது. அதே ஆண்டு இரண்டாம் காலாண்டில் கொஞ்சம் லாபமும் காட்டியது. லாபம் வந்த வழி எத்தனால், கார்பன் சான்றுகள், வரிச்சலுகை விற்பனை. விமான எரிபொருள் அல்ல.

ஆகவே காலாண்டு அறிக்கையில் முதலில் தேட வேண்டியது விமான நிறுவனங்களுடனான ஒப்பந்தப் பட்டியலை அல்ல. அவை ஆலை எழுந்தால்தான் உயிர் பெறும். வரிச்சலுகையைக் கழித்துவிட்டால் ரிச்சர்ட்டனில் மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். புழக்கத்திலுள்ள பங்குகளின் எண்ணிக்கை போன காலாண்டைவிட ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விமான ஆலைக்கான இறுதி முதலீட்டு முடிவு எடுக்கப்பட்ட நாளில், கடன் போக மீதிப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியில் 'புதிய பங்கு வெளியீடு' என்று இருந்தால், 6,000-ஐ மறுபடி எத்தனையால் பெருக்க வேண்டியிருக்கும் என்று யோசிக்க அதுதான் நேரம்.