பழைய போர்ஷே 944-க்கு எந்த டைமிங் பெல்ட் வாங்குவது?

போர்ஷே 944 எஞ்சினின் முன்பக்க மூடியைக் கழற்றினால் பல் வைத்த இரண்டு பெல்ட்கள் தெரியும். முன்னால் இருப்பது, எஞ்சினின் அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்களைச் சுழற்றுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் டைமிங் பெல்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கிறது. 1982 முதல் 1991 வரை தயாரான இந்தக் காரை இன்று வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இவ்விரண்டையும் மாற்றுவதுதான். விற்றவர் "போன வருஷம்தான் மாத்தினேன்" என்று சொன்னாலும், கையில் பில் இல்லையென்றால் மாற்றிவிடுவதே நல்லது. சரி, டீலரிடம் கம்பெனி பெல்ட் வாங்குவதா, வெளிக்கடையில் வேறு பிராண்ட் வாங்குவதா?

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 944-இன் 2.5 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் 78.9 மி.மீ. ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில், அதாவது நொடிக்கு 100 சுற்றில், அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறக்குறைய 16 மீட்டர். திறந்த வால்வு இறங்கி நிற்கும் அதே இடத்துக்குத்தான் பிஸ்டனும் மேலேறி வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே இருக்காதபடி பார்த்துக்கொள்வது பெல்ட்டின் பற்கள் மட்டுமே. பெல்ட் அறுந்த கணத்தில் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். கிராங்க் ஷாஃப்ட் ஓடிய வேகத்தில் இன்னும் சுற்றும். திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன் அடித்து வளைத்துவிடும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மாற்றுகிற செலவில் பெல்ட்டைப் பல முறை மாற்றிவிடலாம்.

பேலன்ஸ் பெல்ட் அந்த அளவுக்கு முக்கியமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சினில், கிராங்க் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓர் அதிர்வு எழும். எதிரெதிர் திசையில், அதே இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு தண்டுகளால், அதாவது பேலன்ஸ் ஷாஃப்ட்களால், அதை அடக்கலாம் என்று இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தார். 1970-களில் மிட்சுபிஷி அதை மேம்படுத்தியது. போர்ஷே மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றுத்தான் 944-இல் அதைப் பயன்படுத்தியது. ஒரு தண்டு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் என்பதால் இந்தப் பெல்ட்டுக்கு இரண்டு பக்கமும் பல் உண்டு. இது அறுந்தால் எஞ்சின் உடனே நிற்காது. ஆனால் பிய்ந்த துண்டு பின்னால் ஓடும் டைமிங் பெல்ட்டுக்குள் சிக்கினால் அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அப்புறம், பெல்ட் எதனால் ஆனது? இழுவிசையைத் தாங்குவது ரப்பர் இல்லை, அதற்குள் நீளவாக்கில் ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள். அவை நீள்வதே இல்லை எனலாம். அதனால்தான் டைமிங் தவறாமல் இருக்கிறது. பல்லின் மேல் நைலான் துணி போர்த்தியிருக்கும். தேய்மானத்தைத் தாங்குவது அந்தத் துணி. இவற்றைப் பிணைத்து வைப்பதுதான் ரப்பரின் வேலை.

கண்ணாடி இழைக்கு ஒரு பலவீனம் உண்டு, கூர்மையாக மடித்தால் உள்ளுக்குள் உடைந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கடைக்காரர் இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்த பெல்ட்டையும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் புல்லியில் ஏற்றிய பெல்ட்டையும் நம்பாதீர்கள், அது எந்தப் பிராண்டாக இருந்தாலும்.

ரப்பரில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. பழைய டைமிங் பெல்ட்கள் பெரும்பாலும் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. சூட்டிலும் ஓசோனிலும் அது காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். எஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப்போகும். 944-இல் கிராங்க், கேம், பேலன்ஸ் ஷாஃப்ட்களில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் எல்லாமே பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கசிவு நேராக அதன் மேல்தான் விழும். 1980-களில் எச்.என்.பி.ஆர்., அதாவது ஹைட்ரஜன் சேர்த்த நைட்ரைல் ரப்பர், சந்தைக்கு வந்தது. நைட்ரைல் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைத்தான் ஓசோன் தாக்குகிறது. அவற்றில் ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டால் தாக்க இடமே பெரும்பாலும் இருக்காது. சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை இது தாங்கும், ஆயிலையும் தாங்கும்.

போர்ஷே பெல்ட் தயாரிப்பதில்லை. கேட்ஸ், கான்டினென்டல், டேகோ போன்ற பெல்ட் நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் செய்துகொடுக்கின்றன, தங்கள் பெயரிலும் விற்கின்றன. ஆகவே டீலர் விலையில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது ரப்பருக்காக அல்ல. அந்தப் பாக எண் அந்த எஞ்சினுக்குரியது என்ற உறுதிக்காகவும், போலி இல்லை என்ற நம்பிக்கைக்காகவும்தான். இது அற்பமான விஷயம் இல்லை. பல் எண்ணிக்கையும் அகலமும் சரியாக இருந்து பல்லின் வடிவம் மட்டும் மாறியிருந்தாலும் அந்தப் பெல்ட் புல்லியின் பள்ளத்தில் சரியாக உட்காராது, பல் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

என் கருத்து இதுதான்: பெயர் பெற்ற பெல்ட் நிறுவனத்தின் தயாரிப்பை, நம்பகமான கடையில், எஞ்சின் வகையையும் ஆண்டையும் சொல்லி வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை பெல்ட் ஓடும் ரோலர்கள், சீல்கள், வாட்டர் பம்ப் மூன்றிலும் போடுங்கள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டின் முதுகுதான் வாட்டர் பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்பின் பேரிங் இறுகினால் எவ்வளவு நல்ல பெல்ட்டும் போய்விடும். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பெல்ட் வேண்டவே வேண்டாம். பல வருடம் அலமாரியில் கிடந்த பழைய கம்பெனி ஸ்டாக்கும் வேண்டாம். பெட்டியில் போர்ஷே முத்திரை இருந்தாலும் உள்ளே ரப்பருக்கு வயதாகியிருக்கும். பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட குறியீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

சரியான பெல்ட் வாங்கியும் பலர் கோட்டை விடுவது இறுக்கத்தில்தான். தளர்ந்தால் பல் தாவும். அதிகம் இறுகினால் ரோலரும் பம்ப் பேரிங்கும் அரைபடும். எஞ்சின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். கிராங்குக்கும் கேமுக்கும் இடையே 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வெப்பநிலை 70 டிகிரி ஏறும்போது அந்த இடைவெளி சுமார் 0.6 மி.மீ. கூடும். கண்ணாடி இழை அந்த அளவுக்கு விரியாது, அதனால் பெல்ட் இறுகும். எஞ்சின் குளிர்ந்த நிலையில்தான் இறுக்கத்தை அளக்க வேண்டும் என்பது இதனால்தான்.

போர்ஷே இதற்கு பி 9201 என்ற தனிக் கருவியைத் தந்தது. இப்போது மைக் வைத்து அளக்கும் முறையும் இருக்கிறது. பெல்ட்டை விரலால் சுண்டினால், வீணைத் தந்தி போல அது ஒரு சுருதியில் அதிரும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகிவிட்டது என்று பொருள், ஆகவே காதுக்குச் சிறிதாகத் தோன்றும் சுருதி மாற்றமும் உண்மையில் பெரிய மாற்றம். ஆனால் பி 9201-இன் அளவுகோல் வேறு. அதன் எண்களை ஹெர்ட்ஸோடு நேராக ஒப்பிடக் கூடாது.

புது பெல்ட் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் பற்கள் பள்ளத்தில் படிந்து கொஞ்சம் தளரும். அதனால் இரண்டு, மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் மூடியைத் திறந்து இறுக்கத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வேலையை ஒப்புக்கொள்ளும்போதே மெக்கானிக்கிடம் இதைப் பேசி முடித்துவிடுங்கள்.