கேபிளை நிறுத்தும் முன் ஆன்டெனாவுக்கு இடம் பாருங்கள்

ஒளிபரப்பு டவரிலிருந்து இலவசமாக வரும் சேனல்களைப் பிடிக்கும் டிவி ஆன்டெனாவைப் பொருத்துவது என் வேலை. இப்போதெல்லாம் எனக்கு வரும் போன்களில் அதிகம் கேட்பது இதுதான்: "கேபிளை நிறுத்திட்டோம், ஆன்டெனா வாங்கி மாட்டினோம், ரெண்டு சேனல்தான் வருது, அதுவும் கட்டம் கட்டமா உடையுது." போய்ப் பார்த்தால் ஆன்டெனா டிவிக்குப் பின்னால், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கும்.

ஓய்வுபெற்ற ஒரு அம்மா மூன்றாவது ஆன்டெனாவும் வாங்கிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட விலை அதிகம், ஒவ்வொரு பெட்டியிலும் அது எத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து சிக்னல் இழுக்கும் என்று முந்தையதைவிடப் பெரிய எண். "இதைவிட நல்லதா ஒண்ணு இருந்தா சொல்லுங்க தம்பி, அதையும் வாங்கிப் பாத்துடறேன்" என்றார். நான் மூன்றில் விலை குறைந்ததை எடுத்து, கொஞ்சம் நீளமான ஒயர் போட்டு, டவர் இருக்கும் திசையைப் பார்த்த மாடி ஜன்னலில் வைத்து, டிவியில் மறுபடி சேனல் ஸ்கேன் ஓடவிட்டேன். அந்தப் பகுதிக்கு வரவேண்டிய சேனல்கள் எல்லாம் வந்துவிட்டன. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அவரோ மற்ற இரண்டு பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பென்ஷன் பணம். மாதச் சந்தாவை மிச்சப்படுத்தத்தான் அவர் இதில் இறங்கியதே.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த வீடுதான். ஆன்டெனாவுக்கு நீங்கள் கொடுக்கும் விலையைவிட அதை வைக்கும் உயரமும் திசையும்தான் படத்தைத் தீர்மானிக்கும்.

டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், மலையையோ உயரமான கட்டடத்தையோ சுற்றி வளைந்து வருவது குறைவு, பூமியின் வளைவே ஓர் எல்லையும் போட்டுவிடுகிறது. 300 மீட்டர் உயர டவர் ஒன்றுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் முடிகிறது, உங்கள் ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் ஒரு 13 கிலோமீட்டர் கூடும். அதற்கு அப்பாலிருந்தும் சில இரவுகளில் சேனல் வந்து போகும், அது அன்றைய வானிலை, அதை நம்பிக் கேபிளை நிறுத்த முடியாது. ஆக, பெட்டியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போட்டிருந்தால் அந்த வரியைப் படிக்காமலே விட்டுவிடுங்கள்.

'டிஜிட்டல் ஆன்டெனா', 'எச்டி ஆன்டெனா' என்ற பெயர்களும் அப்படித்தான். வரும் அலையில் இருப்பது அனலாக்கா டிஜிட்டலா என்று ஆன்டெனாவுக்குத் தெரியாது, அதைப் பிரித்தறிவது டிவிக்குள் இருக்கும் ட்யூனர். கூரையில் மீன் முள் மாதிரி நிற்கும் பழைய யாகி ஆன்டெனா 1926-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் யாகி, உடா என்ற இருவர் உருவாக்கியது, துருப்பிடிக்காமல் இருந்தால் அது இன்றைக்கும் நன்றாக வேலை செய்யும். கழற்றி எறிவதற்கு முன் ஒருமுறை இணைத்துப் பார்க்கச் சொல்வேன்.

ஆன்டெனாவில் பார்க்கவேண்டியது அதன் அளவு, அது பிடிக்கவேண்டிய அலையின் பாதி நீளத்துக்கு ஏறக்குறைய இருந்தால் நன்றாகப் பிடிக்கும். டிவி அலைகள் யுஎச்எஃப், விஎச்எஃப் என்று இரண்டு வகை. 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும் யுஎச்எஃப் அலைக்குப் பாதி அலைநீளம் 25 சென்டிமீட்டர், 200 மெகாஹெர்ட்ஸ் விஎச்எஃப் அலைக்கு 75 சென்டிமீட்டர். காகிதம் போல் தட்டையாக ஜன்னலில் ஒட்டும் சின்ன ஆன்டெனா முதல் வகைக்குப் போதும், இரண்டாவது வகைக்குத் தடுமாறும். உங்கள் பகுதிச் சேனல்கள் எந்த அலைவரிசையில் வருகின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், டிவியில் தெரியும் சேனல் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், சில நாடுகளில் அந்த எண்ணுக்கும் உண்மையான அலைவரிசைக்கும் சம்பந்தமே இருக்காது.

இன்னொரு விஷயம், அனலாக் காலத்துப் பழக்கம். அப்போது சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அதை வைத்தே பார்த்துக்கொண்டிருப்போம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஓர் அளவு வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதற்குக் கீழே போனால் உடைந்து நின்றுவிடும். வெயில் நாளில் மாட்டிவிட்டுப் போன இடத்தில், எதிரே மரம் இலைவிட்டதும் சேனல் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு வருகிறதே என்பது போதாது, சிக்னல் கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும்.

அந்த மிச்சத்துக்குத்தான் எல்லோரும் பூஸ்டர் வாங்குகிறார்கள். பூஸ்டர் இல்லாத சிக்னலை உண்டாக்காது, வந்ததைப் பெருக்கும், கூடவே இரைச்சலையும் பெருக்கும். நீளமான ஒயரில் 30 மீட்டர் ஓடினாலே யுஎச்எஃப் சிக்னலில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கரைந்துவிடும், இரண்டு டிவிக்கு ஸ்ப்ளிட்டர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகத்தான் போகும். இந்த இழப்பை ஈடுகட்டப் பூஸ்டர் சரியான சாதனம், ஆனால் அதை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், இழப்புக்கு முன்னால் வைக்கவேண்டும். டிவிக்குப் பின்னால் வைத்தால் பலன் மிகக் குறைவு. டவருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது கெடுதலே செய்யும். ஒரு குடும்பம் சேனல் போகப் போகப் பெரிய பூஸ்டராக மாற்றிக்கொண்டே இருந்தது, நான் அதைக் கழற்றியதும் எல்லாச் சேனலும் திரும்ப வந்தன. ட்யூனர் தாங்கமுடியாத அளவுக்குச் சிக்னல் ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

டிவியையும் பாருங்கள். அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் ஏடிஎஸ்சி, ஐரோப்பாவில் டிவிபி, ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐஎஸ்டிபி என்று தரைவழி ஒளிபரப்பு முறைகள் வேறு வேறு, ஒரு நாட்டில் வாங்கிய டிவி இன்னொரு நாட்டில் சிக்னலைப் படிக்காமல் போகலாம். சில திரைகளில் ட்யூனரே இருக்காது.

சரி, எப்போது நிறுத்துவது? கேபிள் இருக்கும்போதே ஆன்டெனாவைப் பொருத்தி, குறைந்தது ஒரு மாதம், மழையும் காற்றும் வரும் நாட்களையும் சேர்த்து, அதில் மட்டும் பாருங்கள். வீட்டில் யார் எந்த நிகழ்ச்சிக்காகக் கேபிளுக்குத் திரும்பிப் போகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். பெரும்பாலும் விளையாட்டு அல்லது ஒரு மொழிச் சேனல், அது இலவச ஒளிபரப்பில் இருக்காது, அதைப் பார்ப்பவர் வீட்டில் பெரியவராக இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இணையமும் அதே கேபிள் வழியாக வருகிறது என்றால், டிவியை நீக்கினால் இணையத்துக்கு மட்டும் என்ன கட்டணம் என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில சமயம் மிச்சம் ஆவது நினைத்ததில் பாதிகூட இருக்காது.

அப்புறம், கூரையில் ஏறுவது. உலோகக் கம்பத்துக்கும் ஒயருக்கும் எர்த் கட்டாயம், அந்த எர்த் வீட்டின் மின்சார எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். இடி மின்னல் இருக்கும்போது மேலே போகக்கூடாது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கவேண்டும், கம்பம், ஆன்டெனா இரண்டின் நீளத்தையும் சேர்த்து அளந்து பாருங்கள். அந்தத் தூரம் கிடைக்காத வீடுகளில் நான் வேலையை எடுக்காமல் திரும்பியிருக்கிறேன். ஜன்னலில் கிடைக்கும் நாலைந்து சேனலோடு இருங்கள், இல்லையென்றால் கேபிளையே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களிடம் சொன்னேன்.